பாக்கியம் டீச்சரின் வலது பக்கம்

பாக்கியம் டீச்சர் கதை சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதே பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் உண்டு. கதையில் நரி வந்தால் அவர் கண்ணைச் சுருக்குவார், யானை வந்தால் கன்னத்தை உப்ப வைப்பார், ராஜாவுக்குக் கோபம் வந்தால் ஒரு புருவத்தை மட்டும் மேலே ஏற்றுவார். பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தை வைத்தே இப்போது எது வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். என் வகுப்புப் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டுத் தட்டியின் ஓட்டை வழியாக அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அதட்டுவதில்லை. எனக்கும் கேட்க ஆசைதான்.

அவருக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, மதுரைக்கு வேலைக்கு வந்தவர். கணவர் ஞானசீலன் மின்சார வாரிய ஆபீசில் கிளார்க். நல்ல மனுஷர், ஆனால் பேச்சு ரொம்பக் குறைவு. திருப்பரங்குன்றத்தில், வாசலில் நின்றால் மலை நேரே தெரிகிற ஒரு வளவில் குடியிருந்தார்கள். நடுவில் முற்றமும் குழாயும், சுற்றிலும் ஓட்டு வீடுகளுமாக இருக்கும். அதில் ஒரு வீட்டில் நாங்களும் இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம், வருவோம். எனக்கு அவர் ‘அக்கா’.

கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்த பிறகு, எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாசம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹெப்சி என்று பேர் வைத்தார்கள். அக்காவின் கதை எல்லாம் இப்போது வீட்டிலேயே நடந்தது. தொட்டிலுக்கு மேலே குனிந்து புருவத்தை ஏற்றி இறக்குவார், உதட்டைக் குவிப்பார். மூன்று மாசக் குழந்தை அதைப் பார்த்துவிட்டுத் தானும் உதட்டைக் குவிக்கப் பாடுபடும். அது சிரித்தால் இவர் சிரிப்பார், இவர் சிரித்தால் அது சிரிக்கும். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸுக்குக் கொட்டாம்பட்டி போய்விட்டு, விடியற்காலைப் பனியில் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். மறுநாள் காலையில் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது பக்கமாகத் தானாக ஒழுகுகிறது, முகம் கழுவினால் சோப்பு அந்தக் கண்ணுக்குள் போகிறது, கண்ணை மூட முடியவில்லை என்றார். சொல்லும்போதே பேச்சு குழறியது. தலைப்பை எடுக்கச் சொன்னேன். இடது கன்னம் தொங்கியிருந்தது. வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மட்டும் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பஸ் ஜன்னல் வழியாகக் காற்று அடித்துவிட்டது என்று வளவில் சொன்னார்கள். டாக்டர், முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் முழுசாகத் திரும்பாது என்றார். மாத்திரை கொடுத்தார். ஒத்தடம் கொடுக்கவும், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை அசைத்துப் பழகவும் சொன்னார். ஈஸ்டர் வருவதற்குள் இடது கண் ஒருவாறு மூடியது. கன்னமும் வாயும் அப்படியே நின்றுவிட்டன. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாயில் ‘ப’வும் ‘ம’வும் காற்றாக வெளியே போயின. தன் பெண்ணை மடியில் வைத்து ‘அம்மா’ என்று சொல்லிக்காட்டவே அவர் சிரமப்பட்டார்.

அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஒரு சாவு வீட்டில் நடந்ததுதான் அவரை உடைத்தது.

வளவின் கோடி வீட்டில் மலையம்மாள் குடியிருந்தாள். அவளுடைய அண்ணன் திடீரென்று இறந்துபோனார். முதல் ஆளாக ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டவர் பாக்கியம் அக்காதான். அவருக்கு அழுகை வந்தால் இடது பக்கம் சும்மா இருக்கும். வலது பக்கம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டு பல் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், “எழவு வீட்டுல வந்து யாரு இவ சிரிச்சுக்கிட்டு?” என்று கேட்டாள். மலையம்மாள் அந்த அழுகையிலும் அவளை ஒரு அதட்டு அதட்டினாள். ஆனால் அக்கா காதில் விழுந்துவிட்டது. மெல்ல எழுந்து வீட்டுக்குள் போனவர்தான். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்துவிட்டார். வீட்டுக்குள் இருக்கும்போதும் தலைப்பை இடது தோள் வழியாக இழுத்து வாய்வரை மூடிக்கொள்வார்.

ஞானசீலன் அவரிடம் பேசும்போது தரையையோ பேப்பரையோ பார்த்துப் பேசினார். உற்றுப் பார்த்தால் அவர் மனசு நோகுமோ என்று அந்த மனுஷர் பயந்திருக்கிறார். அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவே ஹெப்சி வளர்ந்தாள். குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். வளவில் யார் தூக்கினாலும் போவாள், சிரிப்புக் காட்டினால் சிரிப்பாள். அம்மா இடுப்பில் ஏறினால் மட்டும் முகம் மாறிவிடும். அம்மாவை முறைத்து முறைத்துப் பார்ப்பாள், முன்னால் குனிந்து வளைவாள், நெளிவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் இறங்கி ஓடப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் தூக்கிக் கொஞ்சும்போது அக்கா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் குழாயடியில் என்னிடம் சொன்னார்: “எம் மொகம் பிள்ளைக்குப் பயமா இருக்கு போல. பிள்ள யார் மொகத்தப் பாத்துச் சிரிக்கப் பழகும், சொல்லு? பெத்தவ மொகத்தப் பாத்துத்தான. எங்கிட்டயே இருந்தா அதுவும் இப்படி இறுகிப் போயிரும்.”

நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞானசீலனுக்கு விக்டோரியா என்று ஒரு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுமலையில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டிலேயே தங்கியிருந்தார். வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷி. அவர் வந்திருந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். மே மாச லீவுக்கு அவர் திருப்பரங்குன்றம் வந்தபோது, தனக்குக் குணமாகிற வரைக்கும் ஹெப்சியைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளும்படி பாக்கியம் அக்கா கேட்டார். விக்டோரியா முதலில் சம்மதிக்கவில்லை. பால்குடி மறக்காத பிள்ளையை எப்படிப் பிரிக்கிறது என்று சத்தம் போட்டார். பாக்கியம் அக்கா அழுது கேட்டதும் சரி என்றார். ஞானசீலன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளையின் சட்டைகளையும் பால் புட்டியையும் ஒரு ஏர் பேக்கில் அடுக்கி வாசலோரம் வைத்திருந்தது. நானும் விக்டோரியாவும் பாயில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவே ஹெப்சி ஒரு மரக் கரண்டியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஞானசீலன் நாற்காலியில் இருந்தார். அக்கா அடுப்படி நிலைப்படியில் தலைப்பை வாய்வரை இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

அடுப்பில் குக்கர் இருந்தது. வளவிலேயே முதல் குக்கர் அது. மனைவிக்கு வேலை குறையட்டும் என்று ஞானசீலன் அந்த வாரம்தான் வாங்கி வந்திருந்தார். அது திடீரென்று விசில் அடித்ததும் நானே திடுக்கிட்டேன். ஹெப்சி கரண்டியைப் போட்டுவிட்டாள். இரண்டு கையும் மேலே போயின, கீழுதடு பிதுங்கியது. சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். இனி அழுவாள் என்று விக்டோரியா சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். நானும் சிரித்துக் காட்டினேன். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். அது அவளுக்குப் போதவில்லை. எங்களைத் தாண்டி யாரையோ தேடினாள்.

நிலைப்படியில் அம்மாவைக் கண்டதும் விறுவிறுவென்று தவழ்ந்து போனாள். முட்டி போட்டு எழுந்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலைப்பை இழுத்தாள். அக்கா விடவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். தலைப்பு நழுவி விழுந்தது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் அவள் பக்கம் இருந்தது இடது கன்னம்தான். ஹெப்சி அதை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அந்தக் குட்டிக் கையை அம்மாவின் தாடையில் வைத்து அழுத்தி, மூக்குக்கு மேலாக எக்கி, வளைந்து, வலது பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

அவள் விழுந்துவிடுவாளோ என்று அக்கா இடுப்போடு பிடித்துக்கொண்டார். பிடிக்கும்போது அவரை அறியாமலே முகத்தைத் திருப்பினார். அவள் படுகிற பாட்டைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கண் சுருங்கியது, வலது கன்னத்தில் குழி விழுந்தது.

குக்கர் மறுபடி விசில் அடித்தது. ஹெப்சி குக்கரைப் பார்த்தாள், உடனே அம்மாவின் வலது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே சிரிப்பு இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளும் பளிச்சென்று சிரித்தாள். மூன்றாவது விசிலுக்கு அவள் பயப்படவே இல்லை. இப்போது வரும் பார் என்பது போல அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்டோரியா எழுந்து போய் ஏர் பேக்கைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஞானசீலன் நாற்காலியை விட்டு இறங்கி மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பிள்ள எங்கயும் போகல, பாக்கியம்,” என்றார்.

சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கவில்லை. முகத்தை நேராகப் பார்த்தார். அக்கா பின்னாளில் என்னிடம் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். குக்கரைப் பற்றி அல்ல. பயந்து பயந்து அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டாராம்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு இன்னொன்று விளங்கியது. எல்லாப் பெண்களையும் போல அவரும் பிள்ளையை இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்வார். வலது கை வேலைக்கு வேண்டுமே. இடது இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அம்மாவின் இடது கன்னம்தான் தெரியும். இத்தனை மாசமும் ஹெப்சி முன்னால் குனிந்து வளைந்தது இறங்கி ஓடுவதற்காக இல்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். அவளுக்குத் தெரிந்த அம்மா அங்கேதான் இருந்தாள்.

அவளை வலது இடுப்புக்கு மாற்றினார். சோற்றைக் கிண்டுவது, கூட்டுவது, குடம் நிறைந்ததும் குழாயை மூடுவது எல்லாம் இடது கைக்கு வந்தது. குழம்பு கொட்டியது, கை சுட்டது. மலையம்மாள் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், பீச்சாங்கையில கிண்டுறீக?” என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தார். தலைப்பு தோளோடு நின்றது. வாயாலும் கையாலும் முன்னைவிட அதிகம் பேசினார். குரலை ஏற்றி இறக்குவார், பிள்ளையின் முதுகில் தாளம் போடுவார். வலது இடுப்பில் ஹெப்சி வஞ்சனை இல்லாமல் சிரித்தாள்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். பிள்ளையைப் பகலில் மலையம்மாள் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் ஒரே அமைதி. புதுப் பிள்ளைகள் எல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீச்சருக்கு ஒரு பக்கக் கன்னம் தூங்கிக்கொண்டிருக்கிறது, எப்போது எழுந்திருக்கும் என்று தெரியாது, இந்தப் பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று சொன்னார். கொஞ்ச நாளைக்கு அந்த வகுப்பில் சத்தமே வரவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விசாரித்தால், சத்தம் போட்டால் டீச்சரின் கன்னம் முழித்துக்கொள்ளும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அக்கா அதைத் திருத்தாமல் ஒரு வாரம் சுகமாகப் பாடம் நடத்தினார்.

பெரியவர்களுக்குத்தான் நாள் பிடித்தது. பையனைப் பற்றிப் புகார் சொல்லக் கூப்பிட்டால், டீச்சர் என்னைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறார் என்று ஒரு தகப்பனார் கோபித்துக்கொண்டார். முன்னே இருந்த அக்காவாக இருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பார். இப்போது, என் வாய் அப்படித்தான் போகும், நான் சிரிக்கவில்லை, உங்கள் பையன் நிஜமாகவே பாடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லி உட்கார வைத்துப் பேசி அனுப்பினார்.

அந்த வருஷம் கார்த்திகையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மலையிலிருந்து குரங்குகள் வளவுக்குள் இறங்குவது வழக்கம். துணியை இழுக்கும், தட்டில் காய்கிற வற்றலை அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஹெப்சி அப்போது நன்றாக நடப்பாள். கையில் ஒரு வாழைப்பழத்தோடு முற்றத்தில் தனியாக நின்றாள். ஒரு பெரிய கடுவன் குரங்கு சுவரிலிருந்து குதித்து அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, பல்லைக் காட்டியது. மலையம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சத்தம் போடப் போனாள். அக்கா வாசலில் நின்றபடி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

ஹெப்சிக்கு அந்தக் குரங்கு என்னவென்று புரியவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், எப்போதும் போல, அம்மா முகத்தைத் தேடித் திரும்பினாள்.

அக்கா சட்டென்று தலையைத் திருப்பி அவளுக்கு இடது பக்கத்தைக் காட்டினார். நான் இந்தப் பக்கம் குழாயடியில் நின்றேன். எனக்குத் தெரிந்தது வலது பக்கம். கண் விரிந்து, உதடு நடுங்கி, பார்க்கவே முடியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. குரலை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தார்.

“பழத்தக் கீழ போடு, தங்கம். அம்மாட்ட வா.”

ஹெப்சி அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். பழத்தைக் கீழே போட்டாள். தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்தாள். குரங்கு பழத்தை எடுத்துக்கொண்டு சுவர் ஏறிப் போனது. அக்கா அவளை வாரி எடுத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் ஹெப்சி வலது பக்கத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். சமாதானம் பண்ண வெகு நேரம் ஆனது.

எப்படி அக்கா அந்த யோசனை வந்தது என்று கேட்டேன்.

“யோசன என்னத்த. நான் பயந்தா அவளும் பயந்து கத்துவா, கத்துனா கடிச்சிரும். அந்தப் பக்கம் பயமும் தெரியாதுல்ல. அம்புட்டுத்தான்,” என்றார்.

அதற்குப் பிறகு கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ‘ப’வும் ‘ம’வும் திரும்பி வந்தன. முழுசாக மட்டும் வரவில்லை. அடுத்து ஒரு பையன் பிறந்தான். அவனை முதல் நாளிலிருந்தே வலது பக்கமாகத்தான் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் ஞானசீலன் அவருக்கு வலது பக்கம் உட்காருவார்.

எண்பத்தாறில் ஹெப்சி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் வந்தது. கையில் கிள்ளின தடம். ஹெப்சிதான் கிள்ளியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளை பொய் சொன்னாள் என்றாள். என்ன பொய் என்று கேட்டதற்கு, “எங்கம்மாவுக்கு வாய் கோணையாம் டீச்சர்,” என்றாள். அவமானப்பட்ட கோபம் இல்லை அது. இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டாளே என்கிற கோபம்.

நான் அவளை இடைவேளையில் அக்காவிடம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அவளை எதிரே நிற்க வைத்து, அந்தப் பிள்ளை சொன்னது நிஜம்தான் என்றார். ஹெப்சி நம்பவில்லை. அம்மாவின் முகத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வெகு நேரம் பார்த்தாள்.

“எப்பயும் இப்படித்தானம்மா இருக்கு?”

“ஆமா. எப்பயும் இப்படித்தான். நீ கைப்பிள்ளையா இருக்கைல வந்தது.”

அவள் யோசித்தாள். “அப்ப அவ பொய் சொல்லலயா?”

“சொல்லல.”

“நல்லா அழுத்திக் கிள்ளிட்டேனே,” என்றாள் ஹெப்சி.

போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார் அக்கா. அவள் தயங்கினாள். அம்மா நிஜமாகவே கோபமாக இருக்கிறாளா என்று ஒரு தடவை நிமிர்ந்து வலது கன்னத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையைத் தேடி ஓடினாள்.